வலி போன பிறகு டாக்டரிடம்

தி.நகரில் எங்களுக்கு ஒரு புடவைக் கடை இருக்கிறது. இன்றும் மெத்தை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பட்டுப் புடவைகளைப் பிரித்துக் காட்டுகிறோம். ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்கு வலது கால் பெருவிரலில் கவுட் என்ற மூட்டு நோய் வந்தது. வந்தால் விரலடி சிவந்து வீங்கிப் பளபளக்கும். போர்வையின் ஓரம் பட்டால்கூட உயிர் போகும். சில நாளில் தானாக அடங்கிவிடும்.

அடங்கிய பிறகுதான் ஆழ்வார்பேட்டை டாக்டரிடம் போவேன். வலிக்கும்போது மாடிப்படி இறங்க முடியாது. வெட்கமும் ஒரு காரணம். கறியும் குடியும் கொண்டுவரும் நோய் என்று அதற்குப் பேர். கவுட் என்று சொன்னாலே, "நல்ல சாப்பாடு போல!" என்று சிரிப்பார்கள். குடிப்பானோ என்றும் மனதுக்குள் நினைப்பார்கள். அதனால் டாக்டர் கேட்டால், "பரவாயில்லை" என்று முடித்துவிடுவேன். அவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்ப்பார். யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடுதல், மாத்திரையை விடாதீர்கள் என்பார். வலிக்காத காலுக்கு எதற்கு மாத்திரை என்று நான் பாதியில் விட்டுவிடுவேன்.

போன வருடம், மகளைக் கொடுத்த வீட்டார் கொட்டிவாக்கத்தில் புது வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தார்கள். அன்று விடியும்போதே விரல் பிடித்துக்கொண்டது. செருப்புக்குள் கால் நுழையவில்லை. மனைவியை மட்டும் அனுப்பினேன். கால் வலி என்று அவள் சொன்னதை அங்கே யாரும் நம்பவில்லை. முந்தின நாள்தான் சம்மந்தி கடைக்கு வந்திருந்தார். வாசல்வரை நடந்து வந்து வழியனுப்பியிருந்தேன். விரல் வலிக்காக யாராவது சம்மந்தி வீட்டு விசேஷத்துக்கு வராமல் இருப்பார்களா? "உங்கப்பாவுக்கு எங்க மேல என்னம்மா வருத்தம்?" என்று மாமியார் கேட்டதைச் சொல்லி மகள் போனில் அழுதாள்.

அடுத்த முறை மனைவியும் டாக்டரிடம் வந்தாள்.

"எப்படி சார் இருக்கீங்க?"

"பரவாயில்லை டாக்டர்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க பரவாயில்லை? டாக்டர், இவங்க தவழ்ந்துதான் பாத்ரூம் போனாங்க. சம்மந்தி வீட்டு விசேஷத்துக்குப் போகலை. பொண்ணு அங்க பேச்சு வாங்குறா. கடையில கீழ உக்கார முடியாம ஸ்டூல் போட்டுக்கிறாங்க. ஒண்ணையும் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க."

டாக்டர் கையிலிருந்த ரத்தப் பரிசோதனைத் தாளைக் கீழே வைத்தார். "தவழ்ந்தா போனீங்க?"

நான் தலையாட்டினேன்.

"ஒவ்வொரு தடவையும் நீங்க நல்லா நடந்து உள்ள வர்றீங்க. இந்த நம்பரை மட்டும் பாத்துட்டு, பெரிய தொந்தரவு இல்லைன்னு நினைச்சுட்டேன் சார். நானும் கேட்டிருக்கணும். மாத்திரை சாப்பிடுறீங்களா?"

உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "வலி இல்லாதப்பவும் யூரிக் ஆசிட் மூட்டுக்குள்ள உப்பு மாதிரி படிஞ்சிட்டே இருக்கும். அதைக் கரைக்கத்தான் தினமும் மாத்திரை. ஆரம்பத்துல நடுவுல வலி வரலாம், அப்பவும் நிறுத்தாதீங்க. வலிக்கிறப்போ காலை போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்புறம் சார், இது சாப்பாட்டால மட்டும் வர்றதில்லை. உடம்பு வாகும் இருக்கு. எதுக்கு வெட்கம்?"

வெட்கத்தைப் பற்றி நான் அவரிடம் வாயே திறக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். என்னைப்போல வேறு சிலரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து "பரவாயில்லை" சொல்லியிருப்பார்கள்.

சில வாரத்தில் மறுபடி வலி வந்தது. மனைவி போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். என்னைக் கேட்காமலே கொட்டிவாக்கத்துக்கும் அனுப்பிவிட்டாள். அன்று சாயங்காலம் சம்மந்தி இருவரும் வந்து நின்றார்கள். அந்த அம்மா கதவருகிலேயே நின்று, கட்டிலில் நீட்டியிருந்த என் காலைப் பார்த்தார்.

"இதைத்தான் கால் வலின்னு சொல்லி அனுப்பினீங்களா? நாங்க என்னென்னமோ நினைச்சுட்டோமே!"

சம்மந்தி நாற்காலியைக் கட்டிலருகே இழுத்தார்.

"உக்காருங்க சம்மந்தி," என்றேன். "கட்டில்ல மட்டும் இடிச்சுடாதீங்க."

அவர் பதறிப்போய் நாற்காலியைச் சுவரோரம் வரைக்கும் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.