நாலு கட்டத்தில் ஒரு மீசை

"...ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதாண்ணே. இந்த வாரம் மட்டும் என்னைய விட்டுட்டு வேற யாரையாச்சும் படத்துல போடுங்க. எம் மச்சினன் வர்றான்" என்றான் மீசைக்காரன், என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து.

தோஹா தொழில்பேட்டையில் எங்கள் கேம்ப். அவன் புதுக்கோட்டைப் பக்கம், சைட்டில் சாரம் கட்டுகிறவன். ஆளைவிட மீசை பெரிது. நான் போர்டு எழுதுகிறவன். 'குழி இருக்கிறது, ஜாக்கிரதை' என்று நாலு பாஷையில் எழுதி, பக்கத்தில் விழுகிற மனிதன் ஒருவனையும் வரைவேன்.

வினை ஒரு புத்தகத்தால் வந்தது. டவுனில் நஜ்மா பக்கம் பழைய சாமான் விற்கிற கடையில், அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. செய்தித்தாளில் கட்டம் போட்ட படக்கதை பிறந்த சரித்திரம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கோடை முழுக்கப் படித்தேன், படித்ததை ரூமில் கதையாகச் சொன்னேன். அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பத்திரிகை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கத்துக்காக முட்டிக்கொண்டார்கள். ஒருவரிடம் வரைந்துகொண்டிருந்தவரை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போனார். போனவர் அங்கேயும் அதே ஆளை வரைந்தார். பழைய பத்திரிகை விடவில்லை, வேறொருவரை வைத்து அதே ஆளை இங்கேயும் வரைந்தது. இன்னொரு கதைக்காகக் கோர்ட்டுக்கே போனார்கள். பேர் பத்திரிகைக்கு, உருவம் ஓவியனுக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு மீசைக்காரன் கேட்டான்: "பேப்பர்காரனுக்குப் பேரு, படம் போட்டவனுக்கு உருவம். சரிண்ணே. படத்துல இருக்கறவனுக்கு?"

"அவன் படம்டா" என்றார் கும்பகோணத்துக் கிரேன் ஆபரேட்டர். "அவனுக்கு என்ன இருக்கு, அடி வாங்குறதத் தவிர."

அவர் வாயிலிருந்து விழுகிற ஒவ்வொன்றையும் நான் எழுதி வைத்துக்கொள்வது உண்டு. அதையும் எழுதிக்கொண்டேன்.

அந்த ஆரம்பகாலப் படங்களில் அடி வாங்கியவர்கள் பெரும்பாலும் கப்பலில் வந்திறங்கிய கூலி ஜனம்தான். ஒண்டுக் குடித்தனத்தில் ஒரு அறைக்கு எட்டுப் பேராக இருந்தவர்கள். இங்கிலீஷ் தடுமாறுகிறவனும் படத்தைப் பார்த்துச் சிரித்தான், தன்னை மாதிரி ஒருத்தன் விழுகிறானே என்று. அந்த ஓவியர்களிடம் நான் கற்றுக்கொண்டது மூன்றே விஷயம். ஆள் மாறக்கூடாது. உடுப்பு மாறக்கூடாது. விழுகிற விதமும் மாறக்கூடாது.

எனக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் சைட்டில் எல்லோர் முன்னாலும் ஃபோர்மேன் மீசைக்காரனின் ஹெல்மெட்டைத் தட்டிவிட்டான். அது உருண்டு போக, இவன் குனிந்து பொறுக்கிக்கொண்டே "அச்சா சார், அச்சா சார்" என்றான். ஊரில் வீட்டுக்குத் தான்தான் ஃபோர்மேன் என்று சொல்லி வைத்திருந்தவன். போன் பேசுவது ஒரே வராந்தாவில் என்பதால் கேம்ப்புக்கே அது தெரியும்.

பழைய பிளான் தாளின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில் மீசையை முறுக்குவான். இரண்டாவதில் சாரத்தில் ராஜா மாதிரி நிற்பான். மூன்றாவதில் ஃபோர்மேனின் நிழல் மட்டும் வரும். நாலாவதில் ஹெல்மெட் உருளும், மீசை ஈரத் துண்டு மாதிரி தொங்கும், 'அச்சா சார்.' வெள்ளிக்கிழமை காலையில் மெஸ் கதவில் ஒட்டினேன். படிக்கத் தெரியாதவர்களும் சிரித்தார்கள். அடுத்த வாரம் பக்கத்து பிளாக்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒரு தடவை அவன் கிழித்துப் போட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை, கிழிக்கிற மீசையையே நாலு கட்டமாக வரைந்தேன். அதற்குத்தான் சிரிப்பு அதிகம். அப்புறம் அவன் கிழிக்கவில்லை. சைட்டில் யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. "அச்சா சார், அந்தப் பைப்ப எடு" என்றார்கள்.

"மச்சினன் வேற கம்பெனிண்ணே. வந்து ஒரு மாசம் ஆவுது. சாப்பிட்டுப் போயிருவான். அவன் இதப் பாத்தா ஊருக்குச் சொல்லிருவான். எம் பொண்டாட்டி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றான் இப்போது, கட்டிலடியில் உட்கார்ந்தபடி.

அவன் கண் கலங்கியிருந்தது. நான் அதை நாலு கட்டமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வாரம் விட்டா ஜனம் மறந்துரும்ப்பா" என்றேன். "புத்தகத்துலயே இருக்கு." புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை படம் கதவில் இருந்தது. மீசை கைகூப்பிக் கெஞ்சியது. பதினோரு மணிக்கு அவன் குளியலறையிலிருந்து வந்தான். மேலுதடு வெள்ளையாக, குழந்தையின் உதடு மாதிரி இருந்தது.

கிரேன் ஆபரேட்டர் எழுந்தே விட்டார். "என்னடா, அப்பாவுக்கு ஏதும் ஆயிருச்சா?"

"நல்லாத்தான் இருக்காரு."

அப்பன் உயிரோடு இருக்கும்போது மீசையை எடுத்துவிட்டு நிற்கிறான். பிறகு மூலையில் ஒருத்தன் சிரித்தான், எல்லோரும் சேர்ந்துகொண்டோம்.

மச்சினன், தன் அக்கா கொடுத்துவிட்ட ஊறுகாய் பாட்டிலோடு வந்தான். "மீசை எங்க மச்சான்?"

"மாஸ்க் போட்டு வேல பாக்கணும் மாப்ள. ஃபோர்மேனே மீசையோட நின்னா லேபர் எப்படிக் கேப்பான்?"

மெஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அளவுக்கு நாங்கள் நல்லவர்களாக இருந்தோம். சாப்பிடும்போது மச்சினன் கதவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான்.

"யாரு மச்சான் இது? இந்த மீசை?"

கிரேன் ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். நான் சாம்பாரைப் பார்த்தேன்.

"அதுவா" என்றான் அவன். "எனக்குக் கீழ வேல பாத்தான் ஒருத்தன். பயந்தாங்கொள்ளி. இப்ப ஊருக்குப் போயிட்டான்."

"அப்படி என்ன பண்ணுவான்?"

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து மெஸ்ஸின் நடுவில் நின்றான். இல்லாத மீசையை முறுக்கினான். ராஜா மாதிரி நின்றான். நிழலைக் கண்டு ஒடுங்கினான். உருண்டுபோன ஹெல்மெட்டுக்குப் பின்னால் குனிந்து குனிந்து ஓடி, கைகூப்பி, "அச்சா சார், அச்சா சார்" என்றான். நான் வரைந்ததைவிட நன்றாக இருந்தது. மச்சினனுக்குப் புரையேறியது, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"இன்னொரு தடவ மச்சான்."

அவன் முதல் கட்டத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.