கமிட்டி வந்த அன்று நாங்கள் குளித்திருந்தோம்

விருதுநகரில் தண்ணீருக்கு மனிதர்கள் வரிசையில் நிற்பதில்லை, குடங்கள்தாம் நிற்கின்றன. காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எந்தக் குடம் யாருடையது என்று தெருவுக்கே தெரியும். முறை வந்ததும் யாராவது ஒரு குரல் கொடுப்பார்கள். வந்த புதிதில் நானும் என் ரங்கூன் வாளியை அப்படித்தான் வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் போனபோது அது வரிசைக்கு வெளியே சுவரோரம் கிடந்தது. கேட்டால், யாருடையது என்று தெரியவில்லை என்றார்கள். பொல்லாப்பாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது. அன்றிலிருந்து குடங்களோடு குடமாக நானும் நிற்கிறேன். என்னைப் போலக் கப்பலில் வந்து ஏதோ ஓர் ஊரில் இறங்கியிருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பர்மா சர்க்கார் கடைகளை எடுத்துக்கொண்ட பிறகு, நானும் என் ஏழு வயது மகள் மல்லிகாவும் கப்பலேறினோம். தையற்கடை வைத்திருந்த என் வீட்டுக்காரருக்கு மட்டும் புறப்படக் காகிதம் கிடைக்கவில்லை. போய் ஒரு விலாசம் எழுது, அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று துறைமுகத்தில் சொன்னார். அந்த விலாசத்துக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்றே சொல்லலாம். அவருடைய அப்பா பிறந்தது ஆமத்தூர் என்பதால் எங்களை இந்தப் பக்கம் அனுப்பினார்கள். ஆமத்தூரில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கூட இல்லை. கடைசியில் விருதுநகரில் பஞ்சு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்றில், எங்களைப் போல வந்த பதினொரு குடும்பங்களோடு, சாக்குத் திரை கட்டிக்கொண்டு ஒண்டினோம். அடுத்த பஞ்சு சீசனுக்குள் காலி செய்ய வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வீடில்லாதவர்களுக்கென்று கொஞ்சம் பொதுப்பணம் வந்தது. சர்க்கார் கொடுத்ததோடு, கடைக்காரர்கள் வியாபாரத்தில் தர்மத்துக்கென்று எடுத்துவைக்கும் மகமையும் சேர்ந்த பணம். அதை எங்கே செலவழிப்பது என்று பார்க்க ஐந்து பெரியவர்களை வைத்து ஒரு கமிட்டி போட்டார்கள். எங்களுக்கு வரிசை வீடு கட்டலாம், இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடக்கும் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு கொட்டகை போடலாம். இரண்டுக்கும் காணாது. நேரில் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார்கள். வரிசை வீடு கிடைத்தால் கதவு வரும், கதவில் நம்பர் வரும், நம்பர் வந்தால் என் வீட்டுக்காரருக்கு எழுத விலாசம் ஆகிவிடும். நான் அதற்குமேல் எதுவும் யோசிக்கவில்லை.

கமிட்டிக்கு எடுபிடி வேலை பார்த்த சங்கரலிங்கம் முதல் நாளே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பெரியவுக வாராக தாயி. கூட்டிப் பெருக்காதீக. பிள்ளைகளுக்குத் தலை சீவ வேணாம். பாத்தா மனசு இளகுறாப்புல இருக்கணும்."

எனக்கு வந்ததே கோபம்! ரங்கூனில் ஒரு தடவை எங்கள் தெருவே தீப்பிடித்து எரிந்தது. பக்கத்துப் புத்த மடத்தில்தான் ஒரு மாதம் இருந்தோம். எந்த ஊர், என்ன சாதி என்று ஒருவர் கேட்கவில்லை. குளித்துவிட்டு வாருங்கள், சாப்பிடலாம் என்றார்கள், அவ்வளவுதான். கொடுப்பவர் முன்னால் முகம் கழுவி நிற்பதுதான் மரியாதை என்று நான் அங்கே படித்திருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அழுக்கைக் காட்டிக் காசு வாங்க நாம் என்ன பிச்சைக்காரர்களா என்று பெண்களிடம் கத்தினேன். சிலர் தயங்கினார்கள். நான் விடவில்லை.

மறுநாள் கிட்டங்கி பளபளவென்று இருந்தது. பெண்கள் எல்லோரும் பெட்டியடியில் இருந்த நல்ல பர்மா லுங்கியைக் கட்டிக்கொண்டோம். பிள்ளைகள் கன்னத்தில், அங்கே சந்தனம் போலப் பூசுகிற தனக்காப் பட்டையை அரைத்துப் பூசினோம். கப்பலில் உடையாமல் வந்த பீங்கான் கோப்பைகளில் ஐவருக்கும் பால் டீ கொடுத்தேன். மூத்தவர் ரசித்துக் குடித்தார், மல்லிகாவின் தலையைத் தடவினார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "இவுக நல்லாத்தான இருக்காக. பஸ் ஸ்டாண்டுல கிடக்குறவுகளுக்கு யாரு இருக்கா?" என்றார். அதில் வஞ்சகம் இல்லை. மூட்டை சுமந்து இடுப்பொடிந்தவர்கள் அங்கே மழையில் நனைந்துகொண்டு கிடந்ததை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் அவர்மேல் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை.

பணம் கொட்டகைக்குப் போயிற்று. கிட்டங்கியில் யாரும் என்னைத் திட்டவில்லை, பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அது திட்டுவதைவிடக் கொடுமை. பட்டாசுக் கம்பெனி, தீப்பெட்டி ஆபீஸ் என்று ஒவ்வொரு குடும்பமாக அச்சங்குளம், சிவகாசிப் பக்கம் போனது. என்னை வா என்று கூப்பிட ஆளில்லை. பஞ்சு மூட்டை வந்து இறங்கிய அன்று சாயங்காலம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மல்லிகாவோடு அந்தக் கொட்டகைக்கே போனேன். வேறு எங்கே போவேன்?

வாசலில் நோட்டோடு சங்கரலிங்கம் உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் காவலுக்குப் போட்டிருந்தார்கள். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. உள்ளூர்க்காரர்களைத்தான் சேர்க்க வேண்டும் என்று கமிட்டி உத்தரவு. என் பெயரை எழுதிவிட்டு, தலை நிமிராமல் கேட்டார்.

"எந்தூருன்னு எளுத?"

"விருதுநகர்" என்றேன். அதே நேரத்தில் மல்லிகா கணீரென்று "ரங்கூன்" என்றாள். பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்த பிள்ளை.

சங்கரலிங்கம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விருதுநகர் என்று எழுதி நோட்டை மூடினார்.

"புள்ள பேரை எளுதலை தாயி. உள்ள கூட்டிட்டுப் போங்க."

மறுநாளே என் வீட்டுக்காரருக்குக் கொட்டகை விலாசத்தை எழுதிப் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. காகிதம் கிடைத்து அவர் வந்தே விடுகிறார் என்று வையுங்கள். நான் தீப்பெட்டி ஒட்டப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து வாசலில் நின்று நோட்டைப் புரட்டினால், விருதுநகரைச் சொந்த ஊராகக் கொண்ட, பிள்ளையில்லாத ஒருத்திதான் அதில் இருப்பாள். அவளை அவருக்குத் தெரியாது.