இடப்பக்கத்திலிருந்து புரட்டிய சண்டை

மணிமாறனுக்கு ஜப்பான் சண்டைப் படக்கதைகள் என்றால் உயிர். சின்னப் பிள்ளைகள் பார்க்கிற ரகம் இல்லை. பல் தெறிக்கும், காது கிழியும். அடிபட்டவன் மறுநாள் சட்டைப் பொத்தான் போட முடியாமல் திணறுவான். "நம்ம சினிமால அடி வாங்கினவன் அடுத்த பாட்டுக்கு ஆடப் போயிருவான்ணே. இதுல வலிக்கும்" என்பான்.

வளைகுடாவில், முவைலா என்கிற இடத்தில் எங்கள் ரூமில் ஆறு பேர். எல்லோருக்கும் கம்பி கட்டுகிற வேலை. போன வருஷம் சைட்டில் ஃபோர்மேன் ராஜீவ், "யல்லா, யல்லா, சீக்கிரம்" என்று கத்திக்கொண்டே மாறனைப் பிடித்துத் தள்ளினார். கம்பிக் கட்டின் மேல் விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. அந்தக் கடுப்பை எல்லாம் நோட்டில் இறக்கினான். நாற்பது பக்கம், கறுப்புப் பேனா. ஜப்பான்காரர்கள் வழக்கப்படி கதை வலப்பக்கத்திலிருந்து தொடங்கும்; நமக்குக் கடைசிப் பக்கம்தான் அதற்கு முதல் பக்கம். முதல் படத்தில் கை வீங்கிய ஒருவன் சோறு பிசைய முடியாமல் உட்கார்ந்திருப்பான். பிறகு சண்டை. கடைசிப் படத்தில் ராஜீவ் பல் உடைந்து மல்லாந்து கிடப்பார், மூக்கு மச்சம் உட்பட அச்சு அசலாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜீவ் மாறனின் விசா புதுப்பிக்கும் தாளோடு ரூமுக்கு வந்தார். அவர் வேண்டாம் என்று எழுதினால் மாறன் கலாஸ், ஊருக்குப் போக வேண்டியதுதான். நோட்டோ கட்டில்மேல் கிடக்கிறது. கூறுகெட்டவன், ஒளித்து வைத்திருக்கக் கூடாதா? அவர் அதை எடுத்து, நாமெல்லாம் புரட்டுவதுபோல் இடப்பக்கத்திலிருந்து புரட்டினார்.

"என்னடா, எடுத்ததும் நான் கிடக்கேன்?"

ராஜீவ் மேலும் புரட்டினார். விழுந்தவர் எழுந்தார், உடைந்த பல் வாய்க்குத் திரும்பியது, பக்கத்துக்குப் பக்கம் அவர் கை ஓங்கிக்கொண்டே போனது.

"அட, எந்திரிச்சு வெளுக்கிறேனே!" என்று சிரித்தார்.

கடைசியில் அந்தச் சோற்றுப் படம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"அன்னைக்கு நான் தள்ளுனதா?"

"ஆமா சார்."

"எத்தனை நாளு இப்படி?"

"ஒம்பது நாளு சார். இந்த அண்ணன்தான் ஊட்டிவிட்டாரு."

ராஜீவ் விசா தாளில் புதுப்பிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோட்டைக் கட்டில்மேல் மெதுவாக வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் போனதும் மாறன், ராஜீவ் மல்லாந்து கிடக்கும் தாளைக் கிழித்துப் போட்டான். நாற்பதில் அதுதான் உருப்படியாக வந்த படம். எனக்குத்தான் வயிறு எரிந்தது.