ஆடி மாதத்துப் பல்வலி

பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் வாயையே திறக்கவில்லை. கேசரியைக்கூட உதட்டை மூடியபடியே மென்று முடித்தார். நான் பல் டாக்டர். எனக்கு மனிதர்கள் பல்லை வைத்துத்தான் ஞாபகம் இருப்பார்கள். முகம் மறந்தாலும் முன்பல் சந்து மறக்காது. அப்படிப்பட்டவளிடம் ஒரு பல்லைக்கூடக் காட்டாமல் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார் மாப்பிள்ளை. "எவ்வளவு அடக்கமான பையன் பாரு" என்று அம்மா பூரித்துப்போனாள். பல்வரிசை கோணலோ என்னவோ என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனியில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில், மறுபடி விருந்து என்று ஓடிக்கொண்டே இருந்தோம். தில்லை நகர் வீட்டில் அவரும் அவருடைய அம்மாவும்தான். அத்தை நல்லவர். ஆனால் கல்யாணத்துக்கு வர முடியாமல் போன சொந்தக்காரர்கள் எல்லாம் வரிசையாக வந்து இறங்கினார்கள். நானும் அவரும் தனியாகப் பேசிக்கொண்டதைச் சேர்த்துவைத்தால் டிவியில் ஒரு விளம்பர இடைவேளைக்குள் அடங்கிவிடும். அதிலும் அவர் பங்கு பெரும்பாலும் "ம்". மிச்சம் "சாப்டியா?" இந்த மனுஷருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, இல்லை, அம்மா கைகாட்டினார் என்று கட்டிக்கொண்டாரா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது?

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. எங்கள் ஊரில் பண்டிகைக் காலம் ஆடியிலேயே ஆரம்பித்துவிடும். கடைத்தெரு முழுக்கத் தள்ளுபடி பேனர், அம்மன் கோயில்களில் மைக்செட், தெருமுனையில் கூழ். எல்லாருக்கும் கொண்டாட்டம், புதுசாகக் கல்யாணமானவர்களைத் தவிர. ஆடி முதல் நாள் பெண் வீட்டில் மாப்பிள்ளைக்கு விருந்து வைத்து, தேங்காய்ப்பால் கொடுத்து, பெண்ணை மட்டும் தங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆவணி பிறந்த பிறகுதான் அவள் புருஷன் வீட்டுக்குப் போகலாம். ஆடியில் கருத்தரித்தால் பிள்ளை சித்திரை வெயிலில் பிறக்கும் என்பது காரணம். அந்தக் காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "இப்பதான் எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஏசி இருக்கேம்மா" என்று கேட்டுப் பார்த்தேன். "மெதுவாப் பேசுடி, மாப்பிள்ளை காதுல விழுந்துடப் போவுது" என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

விருந்து முடிந்து அவர் பைக்கில் ஏறினார். நான் கேட்டில் நின்றேன். அப்பா அம்மாகூட நாகரிகமாக உள்ளே போய்விட்டார்கள். இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஹெல்மெட்டை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்:

"சார்ஜர் எடுத்துட்டு வந்தியா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஹெல்மெட்டைப் பிடுங்கிக் காவிரியில் வீசியிருப்பேன். உள்ளே போய் மிச்சமிருந்த தேங்காய்ப்பால் முழுவதையும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அம்மா வீடு ஸ்ரீரங்கத்தில், பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். நான் வேலை பார்க்கும் கிளினிக்கோ தில்லை நகரிலேயே, அத்தை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ஆக, பிரித்துவைக்கப்பட்ட நான் தினமும் காலையில் பஸ் பிடித்துக் காவிரியைக் கடந்து புருஷன் வீட்டுக்குப் பக்கத்தில் போய் இறங்குவேன். சாயங்காலம் மறுபடி பஸ் பிடித்துப் பிரிந்து போவேன். அத்தையும் அம்மாவும் போனிலேயே கூடிச் சட்டம் போட்டிருந்தார்கள். வேலைக்குப் போகலாம், அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. பதினெட்டாம் பெருக்குக்கு இரண்டு குடும்பமும் ஆற்றங்கரையில் சேரும், அன்றைக்கு எல்லார் முன்னாலும் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் போனில் "ம்", "சாப்டியா?" என்றே கழிந்தது. அடுத்த வாரம் ஒருநாள் மதியம், கிளினிக்கில் அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னேன். கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தார். ஆபீஸ் சட்டை, கையில் டோக்கன், முகத்தில் வேர்வை.

"பல்லு வலிக்குது" என்றார்.

நிஜமாகவே பதறிப்போனேன். நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, வாயைத் திறக்கச் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவர் பல்லை முழுசாகப் பார்த்தேன். அடடா, என்ன வரிசை! மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வைத்திருக்கும் மாதிரிப் பல் செட்டைப் போல இருந்தது. வலது பக்கம் ஒன்றைத் தட்டி "இங்கயா?" என்றேன். "ம்." இடது பக்கம் தட்டினேன். "ம்." மேலே தட்டினாலும் "ம்", கீழே தட்டினாலும் "ம்".

"எல்லாப் பல்லுமா வலிக்குது?"

அவர் காது சிவந்துபோனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்லவேளை, முகத்தில் மாஸ்க் இருந்தது. அதற்குள் நான் இளித்த இளிப்பை வேறு நோயாளி யாராவது பார்த்திருந்தால் எழுந்து ஓடியிருப்பார். கால் தரையில் நிற்கவில்லை எனக்கு. வந்துவிட்டார்! பொய் சொல்லத் தெரியாத மனுஷர் எனக்காக டோக்கன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்!

பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஒரே தடவையில் முடிகிற வேலையை, வலது கீழ் இன்றைக்கு, இடது கீழ் நாளைக்கு என்று தவணை முறைக்கு மாற்றினேன். அவருக்கோ பேச்சு வராது, வாய் நிறையப் பஞ்சு வேறு. அதனால் நானே பேசினேன். என் காலேஜ் கதை, அப்பாவின் குறட்டை, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நான் போடும் சண்டை, எல்லாவற்றையும் கொட்டினேன். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்று எல்லா நோயாளிகளுக்கும் சொல்வது வழக்கம். அவர் ஒருமுறை கையைத் தூக்கினார். பதறி நிறுத்தினேன். பஞ்சை எடுத்துவிட்டு, "அப்புறம் உங்க அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

இன்னொரு நாள் மனதில் கிடந்ததைக் கேட்டே விட்டேன். "கிளம்பும்போது சார்ஜரைப் பத்திதான் கேக்கணும்னு தோணுச்சா உங்களுக்கு?"

கையைத் தூக்கினார். நிறுத்தினேன்.

"சார்ஜர் இல்லன்னா நீ போன் பண்ண மாட்டியேன்னுதான்..."

நான் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போய்விட்டு வந்தேன்.

சுத்தம் செய்வதற்கும் பல் தீர்ந்துபோனது. ஆனால் கடைசியில் ஒரு ஞானப்பல் பாதி முளைத்துச் சாய்ந்து கிடந்தது. என்றைக்காவது தொல்லை கொடுக்கும் பல்தான். எங்கள் பெரிய டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எடுத்துடறது நல்லதுதான், அவசரமில்ல" என்றார். "இப்பவே எடுத்துடலாம்" என்றார் அவர் துள்ளி எழுந்து. பல் பிடுங்க இத்தனை சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. எடுத்தேன், தையலும் போட்டேன். ஒரு பக்கக் கன்னம் வீங்கிப் போய்ச் சிரித்துக்கொண்டே போனார். அத்தையிடம் உடம்புச் சூடு என்று சொல்லியிருக்கிறார். பாவம் அத்தை, தினமும் இளநீரும் மோரும் கொடுத்திருக்கிறார்.

அந்த வீக்கம் வடிவதற்குள் பதினெட்டாம் பெருக்கு வந்துவிட்டது. அம்மா மண்டபம் படித்துறையில் எள் போட இடமில்லை. காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடியது. படிகளில் எல்லாம் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, காப்பரிசி. கல்யாண மாலைகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, முதல் ஆடிப்பெருக்குக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஆற்றில் விடுவது வழக்கம். காய்ந்துபோன அந்த இரண்டு மாலைகளையும் அத்தை ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் வெகுநாள் கழித்துச் சந்திப்பவர்களைப்போல எட்டி நின்று பார்த்துக்கொண்டோம். நடிப்பு பிரமாதமாக வந்தது. அம்மா கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை அவருக்குப் புளிசாதம் வைத்தார். அவரால் வாயைப் பாதிதான் திறக்க முடிந்தது.

"டாக்டரைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு என்னத்துக்குக் கஷ்டப்படணும்? ஏம்மா, இவனுக்கு என்னன்னு கொஞ்சம் பாரேன்" என்றார் அத்தை.

"எப்பலேருந்துங்க இப்படி இருக்கு?" என்று முன்பின் தெரியாதவரைக் கேட்பதுபோல் கேட்டேன்.

"அஞ்சாறு நாளா" என்றார் அவரும் அதே மாதிரி.

செல்போன் டார்ச்சைப் போட்டு உள்ளே பார்த்தேன். அங்கேதான் மோசம் போனேன். தொழில் செய்கிறவளுக்குத் தன் கைவேலையைப் பார்த்தால் வேறெதுவும் நினைவிருக்காது.

"அட, தையல் என்னமா சேர்ந்திருக்கு! கொஞ்சம்கூடச் சிவப்பில்ல. திங்கக்கிழமை வாங்க, பிரிச்சிடறேன்!"

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எந்தத் தையல்?" என்றார் அத்தை.

ஆற்றில் குதித்துவிடலாம் போலிருந்தது. அத்தை என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"அப்ப உனக்கு உடம்புச் சூடு இல்ல?"

"இல்லம்மா."

"பல்வலி?"

"அதுவும் இல்லம்மா."

"பின்ன எதுக்குடா போயிப் பல்லப் புடுங்கிக்கிட்ட?"

மாலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு, அத்தனை கூட்டத்தின் நடுவில் அவர் வாயைத் திறந்தார்.

"வீடு வெறிச்சுன்னு இருந்துச்சும்மா."

"நான் ஒருத்தி இருக்கேனேடா வீட்ல!"

பக்கத்துப் படியில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு அப்பா, பிறகு அம்மா. கடைசியில் அத்தைக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கு மட்டும் அழுகை வந்தது. பிடித்திருக்கிறதா என்று நான் யாரிடமும் கேட்க முடியாமல் தவித்த கேள்விக்கு, அவர் காவிரிக்கரையில் ஊரே கேட்கும்படி பதில் சொல்லிவிட்டார். இரண்டு மாலைகளையும் சேர்த்துப் பிடித்துத் தண்ணீரில் விட்டோம். மாலைகள் மிதந்து போன பிறகும் அவர் என் கையை விடவில்லை.

"அதுக்காகச் சட்டத்தை மாத்த முடியாது. ஆவணி வரைக்கும் இவனைத் தனியா அனுப்ப மாட்டேன். தையல் பிரிக்க நானே கூட்டிட்டு வரேன்" என்றார் அத்தை கறாராக.

சொன்னபடியே திங்கட்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். தையல் பிரிக்கிற வேலை சட்டென்று முடிந்துவிட்டது. அவர் எழுந்ததும் அத்தை புடவையைச் சரிசெய்துகொண்டு அதே நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார்.

"இப்ப என் பல்லைப் பாரு."

"எங்க அத்தை வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல. நீ நிதானமாப் பாரு, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். நான் விளக்கைப் போட்டேன். என் வீட்டுக்காரர் எனக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.