அம்மாவுக்குப் பதிலாக ஒரு ஆம்

ஒன்பது வயதில் நான் அம்மாவுக்கு வாத்தியாராக இருந்தேன். சம்பளமில்லாத வேலைதான், ஆனால் கல்லிலிருந்து இறங்கும் முதல் ரொட்டி எனக்கு. அவள் அடுப்பின் முன்னால் குந்தியிருந்து கோதுமை மாவைத் தட்டிப் போடுவாள். நான் எங்கள் ஒற்றையறைக் காம்பரா வாசற்படியில், வெளிச்சம் விழுகிற பக்கமாக உட்கார்ந்து, போதகர் கொடுத்த கேள்வி பதில் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பேன். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கு அதுவும் பெருவிரல்தான்.

இலங்கை மலைநாட்டில், லுணுகலைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே ஒரு பழைய கட்டடம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் முன்பு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன இடம். புதிதாக ஒன்று கட்டிய பிறகு அதில் லுத்தரன் சபை கூடத் தொடங்கியது. பதுளையிலிருந்து போதகர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மோட்டார் சைக்கிளில் வருவார். மற்ற ஞாயிறுகளில் இருபது இருபத்தைந்து பேர் தாங்களே பாடி, ஜெபித்து, கலைந்துபோவார்கள். பெரியம்மா அந்தச் சபைக் குடும்பம் ஒன்றில் கட்டிக்கொண்டு போனவள். அவள் பின்னால் அம்மா போகத் தொடங்கினாள். அம்மா இடுப்பில் தங்கச்சி, முந்தானையில் நான்.

அப்பா வரவில்லை. தடுக்கவுமில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குத் தப்படிக்கிற மனிதர் அவர்.

"ஒரே காம்பராவுல ரெண்டு சாமி. கூரை ஒழுகினா யாரைக் கூப்பிடுறதுன்னு மட்டும் சொல்லிப்புடு" என்பார்.

"யாரையும் கூப்பிட வேணாம், நீங்க ஏறுங்க" என்பாள் அம்மா.

எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில் ஒரு பிள்ளை பிறந்து, தங்காமல் போயிருந்தது. அதற்குப் பிறகு அம்மா எதிலோ குறை வைத்துவிட்டோம் என்று தேடிக்கொண்டே இருந்தாள். விரதத்தில் குறையா, நேர்த்திக்கடனில் குறையா, யாரிடமாவது வாய் தவறிப் பேசினோமா என்று ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளிடம் போதகர், நாம் ஒன்றும் செய்து கடவுளிடம் நல்ல பேர் வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை, அவர் சும்மா கொடுக்கிறார், நாம் நம்பி வாங்கிக்கொள்வதுதான் என்று சொன்னார். அம்மாவால் அதை லேசில் நம்ப முடியவில்லை. மலையில் கொழுந்து ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர்தான் விழும். அதாவது நாள் முழுக்க வெயிலில் நின்றதற்கு அரை நாள் வேலை என்று எழுதிவிடுவார்கள்.

"நிறுக்காமலே முழுப்பேர் போடுற சாமியா?" என்று ரொட்டியைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். "அப்படி ஒரு கங்காணியை நான் கண்டதில்லையே."

கேட்டுவிட்டு நெடுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டி ஒரு பக்கம் கருகிப்போனது. அதையும் நான்தான் தின்றேன்.

வாத்தியாராக நான் கொடுமைக்காரன். புத்தகத்தில் இருக்கிறபடியே, ஒரு சொல் பிசகாமல் சொல்ல வேண்டும் என்பேன். அம்மாவுக்கு அது வராது. கேள்வியைக் காதில் வாங்கி, கொஞ்சம் மென்று, தன் வாயால்தான் திருப்பித் தருவாள். வெறும் தண்ணீர் எப்படி மனிதரை மாற்றும் என்ற கேள்விக்கு, "தண்ணி தண்ணிதான். அவர் குடுத்த வாக்கு அதுக்குள்ள இருக்கு" என்றாள். கடவுள் எதற்காக நமக்கு எல்லாம் தருகிறார் என்றதற்கு, "நாம யோக்கியம்னு குடுக்கல. அவரு யோக்கியம், அதான் குடுக்கிறாரு" என்றாள்.

"பிழை" என்றேன் நான்.

"சரிங்க சார்" என்றாள் அம்மா.

ஆவணி மழைக்கு முந்திய ஒரு இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்து போதகர் அவளைக் கேள்வி கேட்டார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, தன் பாணியிலேயே எல்லாவற்றுக்கும் சொன்னாள். எனக்கு மானம் போனது. என் மாணவி பெயில் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த மாசம் மூணு பேருக்கும் ஞானஸ்நானம் குடுத்துச் சபையில சேத்துக்கலாம்" என்றார். வீட்டுக்கு ஏறுகிற வழியெல்லாம் அம்மா தங்கச்சியை இடுப்பு மாற்றி இடுப்பு வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே வந்தாள்.

அந்த மாதம் முடியுமுன் அம்மாவுக்குக் குவைத்தில் வீட்டுவேலைக்கு விசா வந்துவிட்டது.

அவள் அதற்கு எழுதிக் கொடுத்திருந்ததே எனக்குத் தெரியாது. என்னை லுணுகலைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், கூரைக்குத் தகரம் மாற்ற வேண்டும் என்று அப்பாவும் அவளும் பேசி முடித்திருந்தார்கள். புதன்கிழமை கொழும்புக்குப் போய்விட வேண்டும். ஞானஸ்நானம் அதற்கடுத்த ஞாயிறு. இடையில் நான்கு நாள். அவள் புறப்படுமுன் எப்படியாவது அவளுக்கு மட்டும் முன்கூட்டியே செய்துவிட முடியாதா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "சும்மா இரு. பெரியவங்க காரியம்" என்றாள் அவள்.

போகிற காலையில் அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். "நீயும் தங்கச்சியும் பெரியம்மாவோட போயி எடுத்துக்கிடுங்க. நான் வந்து எடுத்துக்கிறேன்" என்றாள். பஸ் திரும்பும்வரை நான் அழவில்லை. எனக்கு அப்போது வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த யோசனை இதுதான். சபைப் புத்தகத்தில் அம்மாவின் பெயர் ஏறியாக வேண்டும். ஏறிவிட்டால் அவள் இங்கேயுள்ள ஆள். இங்கேயுள்ள ஆள் எத்தனை தூரம் போனாலும் திரும்பித்தான் வர வேண்டும். பள்ளிக்கூடத்து வரவு இடாப்பில் பேர் இருக்கிற பிள்ளை வராவிட்டால் வாத்தியார் ஆளனுப்பித் தேடுகிறார் அல்லவா, அதுபோல.

ஞாயிறு வந்தது. பெரியம்மா எனக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். அப்பா குளித்து, திருநீறு பூசி, எங்களைக் கட்டடம்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலுக்கு வெளியே மரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே ஒரு முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து, பித்தளைக் கிண்ணத்தில், மலை ஊற்று விழுகிற பீலியில் பிடித்த தண்ணீர் வைத்திருந்தார்கள்.

முதலில் என்னைக் கூப்பிட்டார் போதகர். பிசாசை வெறுக்கிறாயா, பிதாவை, குமாரனை, பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பரீட்சைக்கு நிற்கிறவனைப் போல உரத்துப் பதில் சொன்னேன். மூன்று முறை தலையில் தண்ணீர் விழுந்தது. மலைத்தண்ணீர், பிடரி வழியாக இறங்கி முதுகைச் சிலிர்க்கவைத்தது.

பிறகு தங்கச்சி. அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. பெரியம்மாவின் தோளில் கிடந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். போதகர் அதே கேள்விகளை அவளைப் பார்த்தே கேட்டார். பெரியம்மாவும் பெரியப்பாவும் அவளுக்காக, "ஆம், விசுவாசிக்கிறேன்" என்றார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அவர்கள்தான் சொன்னார்கள். தண்ணீர் விழுந்ததும் அவள் வீரிட்டு அழுதாள். அவ்வளவுதான், அவளும் சேர்ந்துவிட்டாள்.

நான் கிண்ணத்தின் பக்கத்திலேயே நின்றேன். போதகர் என் தோளைத் தொட்டு, போய் உட்காரச் சொன்னார்.

"இன்னொரு ஆள் இருக்கு ஐயா" என்றேன்.

"யாருப்பா?"

"எங்கம்மா. நீங்க கேளுங்க. நான் சொல்றேன்."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "குவைத்துக்கு இங்கேருந்தே தண்ணி பாச்சப் போறானாம்" என்றார். அந்தச் சிரிப்பு ஒரு சுற்றுப் போய் வந்தது. போதகர் சிரிக்கவில்லை.

"அப்படி முடியாதுப்பா" என்றார்.

"தங்கச்சிக்குப் பெரியம்மா சொன்னாங்களே."

"தங்கச்சிக்கு இன்னும் பேச வராது."

"எங்கம்மாவுக்கும் இங்கே பேச முடியாது."

நான் விடவில்லை. எனக்குத் தெரிந்த எல்லா நியாயத்தையும் அவர் முன்னால் கொட்டினேன். பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் மகள் போய்க் கொழுந்தெடுக்கிறாள். கங்காணி பெரியம்மாவுக்குத்தான் பேர் போடுகிறார். மலையிலே செல்லுகிறது இங்கே செல்லாதா? அம்மாவுக்குப் பதில் தெரியாது என்று நினைக்கிறாரா? எல்லாம் தெரியும், சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

சொல்லிக் காட்டவும் தொடங்கினேன். புத்தகத்திலுள்ள பதில்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் அன்று வாயில் வந்ததெல்லாம் அம்மா சொன்னவை. தண்ணி தண்ணிதான், வாக்கு அதுக்குள்ள இருக்கு என்றேன். நாம யோக்கியம்னு குடுக்கல என்றேன். நான் பிழை போட்ட பதில்கள் ஒவ்வொன்றையும் அந்தச் சனங்களின் முன்னால் அவள் குரலிலேயே சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. பெரியம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

போதகர் என் முன்னால் குனிந்தார். "எல்லாம் சரியான பதில்" என்றார். "ஆனா விசுவாசிக்கிறேன்னு சொல்றது அவுங்க வாயி. அத நீயும் எடுக்க முடியாது, நானும் எடுக்க முடியாது. அவுங்க வந்து சொல்லட்டும். கடவுளுக்கு அவசரமில்ல."

எனக்கு அவசரமிருந்தது. முக்காலியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கிண்ணம் ஆடியது. பெரியப்பா வந்து இழுத்துப் பார்த்தார். அப்போதுதான் அப்பா உள்ளே வந்தார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் வைத்த முதல் அடி அது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நெற்றித் திருநீற்றோடு, இரண்டு பக்கப் பெஞ்சுகளுக்கும் நடுவே நடந்து வந்தார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். போதகரைப் பார்த்து, "மன்னிச்சிருங்க சாமி" என்றார். என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஏறுவழி முழுக்க அவர் மூச்சு என் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயந்திரம் பெரியம்மாவின் போனில் அம்மா குவைத்திலிருந்து பேசினாள்.

"தண்ணி சில்லுன்னு இருந்துச்சா?"

"ஒனக்குத் தர மாட்டேன்னுட்டாரும்மா. நான் எவ்வளவோ கேட்டேன்."

நடந்ததையெல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நல்லதாப் போச்சுய்யா" என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவளோடு இரண்டு வாரம் பேசவில்லை. போன் வந்தால் மலைப்பக்கம் ஓடிவிடுவேன். அவளுக்காக அத்தனை பேர் முன்னால் மல்லுக்கு நின்றவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

இரண்டு வருடத்துக்குப் போனவள், வீட்டுக்காரர்களை மாற்றி மாற்றி இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள். நடுவில் இரண்டு முறை லீவில் வந்தாள். இரண்டு முறையும் இரண்டாம் ஞாயிறு வந்தது. இரண்டு முறையும் அவள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பாடினாள். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமான திருவிருந்துக்கு மற்றவர்கள் எழுந்து போனபோது உட்கார்ந்தே இருந்தாள். ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளச் சொன்னால், "அடுத்த தடவை" என்றாள். அரபு வீட்டில் இருந்து இருந்து அவளுக்கு எல்லாம் ஆறிப்போய்விட்டது என்று நான் நினைத்தேன்.

என்னைச் சபையில் முழு உறுப்பினனாகத் திடப்படுத்திய வருடம், பதினாறு வயதில், போதகர் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அவர் மாற்றலாகிப் போவதற்கு முந்திய மாதம். கட்டடத்தைப் பூட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"உங்கம்மா போறதுக்கு முந்தின நாளு நான் வந்தேன் தம்பி. நீ பள்ளிக்கூடம் போயிருந்த. பீலிக்கரையில துணி தொவச்சுக்கிட்டு இருந்தாங்க. இப்பவே குடுத்துர்றேன்மா, தண்ணியும் இங்கேயே இருக்கு, உங்க அக்காவைச் சாட்சிக்கு நிக்கச் சொல்றேன்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க."

"ஏன் ஐயா?"

"'இங்க எல்லாத்தையும் முடிச்சிட்டுப் போனா, அங்க நிம்மதியா இருந்துருவேன். இதையாவது முடிக்காமப் போறேன். அப்பத்தான் ஊருக்கு வரணும்னு இருக்கும்'னு சொன்னாங்க. புள்ளைக்குச் சொல்ல வேணாம்னாங்க." அவர் சாவியைப் பையில் போட்டார். "கடவுள் தர்றத நாளைக்குன்னு தள்ளி வைக்கக் கூடாதும்மா, அப்படீன்னு சொல்லியிருக்கணும் நான். எனக்கு வாய் வரல."

லீவில் வந்துபோவதை அவள் வருவதாகவே கணக்கில் எடுக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இப்போது நான் அதே தோட்டத்துப் பள்ளியில் சம்பளம் வாங்குகிற வாத்தியார். அவள் அனுப்பியதில் படித்தவன். கூரைத் தகரம் மாற்றியாகிவிட்டது. இன்னும் ஒரு வருடம் என்கிறாள், போன வருடமும் அதைத்தான் சொன்னாள்.

அன்று அந்த முக்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையனுக்கு இதொன்றும் தெரியாது. அம்மாவை ஊரோடு கட்டிப்போட ஒரே ஒரு ஆம் போதும் என்று அவன் நம்பினான். ஊருக்குத் திரும்புவதற்கென்று அவள் மிச்சம் வைத்துவிட்டுப் போனது அந்த ஒரு சொல்லைத்தான். அதைத்தான் அவன் அத்தனை பேர் முன்னால் அவளுக்கு முந்திக்கொண்டு சொல்லிவிடப் பார்த்தான்.