அம்மா வைத்த குறி

மீஞ்சூர்ப் பக்கம் ஒரு திடலில், அலுவலகத்தில் எல்லோரும், பட்டதும் சாயம் தெறிக்கும் வண்ணக் குண்டுகளால் சுட்டு விளையாடினோம். எல்லோருக்கும் சரமாரியாகச் சுடும் புதிய துப்பாக்கி. எனக்கு மிஞ்சியது, ஒவ்வொரு குண்டுக்கும் பிடியை இழுத்துத் தள்ளவேண்டிய பழையது.

"இத வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?" என்று மேனேஜர் சிரித்தார்.

சுட்டுப் பார்த்தேன். 'டப்' என்ற அந்தச் சத்தம் என்னைப் பழவேற்காட்டு ஏரிக்கரைக்குக் கொண்டுபோனது.

என் அப்பா, நைனா, இறந்த வருஷம் அது. திருவிழாவில் வாங்கிய பிளாஸ்டிக் துப்பாக்கிகளோடு பையன்கள் என்னை விரட்டினார்கள். என்னிடம் இருந்ததோ, காயைத் திணித்துக் குச்சியால் தள்ளினால் 'டப்' என்று சுடும் மூங்கில் குழாய். ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துவிட்டு வந்த அம்மா, ஈரப் புடவையோடு அதை வாங்கிக்கொண்டு என்னுடன் படகின் பின்னால் குந்தினாள்.

"அசையாதடி. அவுங்க குண்டு தீரட்டும்."

தீர்ந்ததும் எழுந்து, பையன்களில் பெரியவனின் வயிற்றில் சரியாக அடித்தாள். பிறகு சிரித்தாள், நைனா போனபின் முதல்முறையாக.

இப்போது திடலில் நானும் ஒரு பீப்பாயின் பின்னால் காத்திருந்தேன். மேனேஜரின் குண்டுகள் தீர்ந்ததும் எழுந்து, ஒரே குண்டில் அவர் நெஞ்சை மஞ்சளாக்கினேன். உடனே அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அய்யோ, அவருக்கு வலிச்சிதாமா? கேட்டியா?" என்றாள்.

அவரை நான் கேட்கவே இல்லை. துப்பாக்கியை வைத்துவிட்டு அவரைத் தேடிப் போனேன்.