ஸ்பானிஷ் பாட்டு வந்த காலை

காலை மணி ஏழு ஐந்து. பங்சாரில் டாக்சியில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது வானொலியின் பச்சை விளக்கு. ஸ்பானிஷ் பாட்டு ஓடியது.

எண்பதுகளில், கிள்ளானில், எங்கள் உள்ளூர் வானொலி இந்த நேரத்தில் தமிழில் மரண அறிவித்தல் வாசிக்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, கடும் காய்ச்சலில் ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை; கெட்ட சேதி என்றால் வானொலியில்தான் வரும். தம்பியின் பெயர் வாசிக்கப்படாவிட்டால்தான் அம்மா அடுப்பைப் பற்றவைப்பார். ஒருநாள் அறிவித்தலுக்குப் பதில் ஸ்பானிஷ் பாட்டு வந்தது.

"ஸ்டேசனையே மாத்திட்டாங்க லா, அக்கா. இனிமே நாள் பூரா இதுதான்," என்றார் பக்கத்து வீட்டு மணியம்.

"அப்போ என் தம்பி இருக்கானா இல்லையான்னு யாரு சொல்லுவா?"

அடுத்த பேருந்திலேயே ஈப்போ போனோம். மாமா கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"என்னக்கா இப்படி ஓடியாறே? நான் செத்துட்டேன்னு ரேடியோல சொல்லிட்டாங்களா?"

அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் விட்டிருக்கவில்லை.